சிஸ்டர் ஊரில் கைக்குச் சொல்லும் சொல்

நான் செக்கிங் பார்த்தவள். முதலிபாளையத்துப் பக்கம் ஒரு கம்பெனி. தைத்து வரும் பனியனை விளக்கடியில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் பார்த்து ஒதுக்குவது வேலை. ஆர்டர் குறைந்தது. கூப்பிடும்போது வாருங்கள் என்றார்கள். கூப்பிடவில்லை.

வீரபாண்டியில் நாங்கள் போகிற மாதா கோயிலை ஒட்டி ஒரு கன்னியர் மடம் இருக்கிறது. அங்கே ஒரு வயதான சிஸ்டருக்குக் கூடமாட இருக்க ஆள் கேட்டார்கள். போனேன்.

சிஸ்டர் வெள்ளைக்காரர். அயர்லாந்து. சின்ன வயதில் நர்ஸாக வந்தவர், திரும்பிப் போகவில்லை. மடத்து மருந்தகத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர். பேச்சு முழுக்க கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. மடத்து நாயைக்கூட "தள்ளிப் படுங்க கண்ணு" என்பார். நான் தூத்துக்குடிப் பக்கம். பனையேறி மகள். முதல் நாளே என்னிடம், "உங்க பேச்சு எனக்குப் பாதி புரியலீங்க" என்றார். வெள்ளைக்காரர் ஒருவர் என் தமிழ் புரியவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவருக்கு வலது பக்கம் வாதம் அடித்திருந்தது. கால் ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சு மெதுவாக வந்துவிட்டது. கை வரவில்லை. மடியில் கிடக்கும். எடுத்து வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும்.

மடத்தில் மூன்று சிஸ்டர்கள்தான். பகலில் மருந்தகமும், கம்பெனிக்குப் போகிற பெண்களின் விடுதியும் பார்க்க வேண்டும். ராத்திரி ஒருவர் விழித்துக் காவல் இருக்க ஆள் இல்லை. நானும் ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவள். ஆகவே தலைமை மடத்திலிருந்து மதர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலம் தொடங்கும்போது மறுபடி வருவாராம். அதற்குள் சிஸ்டர் யார் துணையும் இல்லாமல் வாக்கரை இரண்டு கையாலும் பிடித்துக் குளியலறை வரை போய்வர வேண்டும். முடிந்தால் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் சபையின் முதியோர் இல்லத்துக்குப் போய்விட வேண்டும். அது வேறு மாநிலம். வேறு பாஷை.

மதர் நல்லவர்தான். சொன்னதிலும் தப்பில்லை. சிஸ்டர் தலையாட்டினார். மதர் போனபிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேச்சு சரியாக வர, மனப்பாடமாய்த் தெரிந்ததைத் தினம் சத்தமாகச் சொல்லச் சொல்லியிருந்தார் டாக்டர். காலையில் நான் கைக்கு எண்ணெய் தேய்ப்பேன். அவர் சொல்வார். ஜெபம் சொன்னால் நடுவில் அறுந்துபோகும். பாட்டும் அப்படித்தான். ஒன்று மட்டும் அறுகாமல் வந்தது.

"லாவ். லாவெ. லாவ். தீ லாவ். லாவா. லாவவ்."

தினம் இதே. முதலில் ஏதோ ஜெபம் என்று நானும் முடிவில் ஆமென் போட்டேன். பிறகு ஒரு நாள் கேட்டேன்.

"என்னது சிஸ்டர் அது? மந்திரம் மாதிரி சொல்லுதீய?"

"மந்திரம் இல்லீங்க. கை."

"கையா?"

"நீங்க புடிச்சிருக்கறீங்களே, அது. எங்க ஊர்ப் பழைய பாஷைல. ஆயிரம் வருசத்துக்கு மேல பழசுங்க."

"ஒரு கைக்கு இத்தனை பேரா?"

"பேரு ஒண்ணுதானுங்க. வேல மாறுனா மொகம் மாறும். நீங்க கை, கையை, கைக்குன்னு வால் ஒட்டறீங்க. எங்களுக்கு அந்தச் சொல்லே உள்ளுக்குள்ள கொஞ்சம் நெகுந்து குடுக்கும். கை வலிக்குதுன்னா லாவ். கையோட வலின்னா லாவெ. கையில எதையாச்சும் வெச்சிருந்தா மறுபடியும் லாவ். ஆனா கடைசிச் சத்தத்துல ஒரு இ ஒளிஞ்சிருக்கும், மெதுவா."

இரண்டு லாவையும் சொல்லிக் காட்டினார். எனக்கு ஒன்றாகத்தான் கேட்டது. சொன்னேன். சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது.

மடத்துக்கு வருவதற்கு முன் காலேஜில் அதைப் படித்தாராம். வகுப்பில் நடந்துகொண்டே சொல்ல வைப்பார்களாம். அந்தக் காலத்துச் சாமியார்கள் லத்தீன் புத்தகத்தை வைத்துப் படிக்கும்போது, புரியாத இடத்தில் ஓரத்தில் தங்கள் பாஷையில் அர்த்தம் எழுதி வைத்தார்களாம். அதிலிருந்துதான் அந்தப் பழைய பேச்சு நிறையத் தெரிய வந்ததாம்.

சமையல்கார அக்கா காபி கொண்டுவந்தவள் நின்று கேட்டாள். பொங்கலூர்க்காரி. முருகனுக்கு விரதம் இருப்பவள், மாதா கோயில் மடத்தில் இருபது வருசமாய்ச் சமைக்கிறாள்.

"ஓரத்துல எழுதுனா எங்க டீச்சரம்மா அடிப்பாங்களேங்க," என்றாள்.

"இவங்கள அடிக்க ஆள் இல்லீங்க. அவங்களேதான் டீச்சருங்க."

"அதென்னங்க நடுவால தீ, தீங்கறீங்க?"

"ரெண்டு. எங்களுக்கு ஒண்ணு தனி, ரெண்டு தனி, பலது தனிங்க. ரெண்டு இருக்கறதுக்குன்னே ஒரு உரு. முன்னால ரெண்டுங்கற சொல்லு கண்டிப்பா வரோணும். ஆம்பளச் சொல்லா இருந்தா தா. பொம்பளச் சொல்லா இருந்தா தீ. கை பொம்பளைங்க."

"அதானுங்க எல்லா வேலையும் அதே செய்யுது," என்றாள் அக்கா. "அப்ப தல?"

"அது ரெண்டும் இல்லீங்க."

"சரியாத்தான் வெச்சிருக்கறாங்க. எங்க ஊட்டுக்காரரு தலையப் பாத்தாலே தெரியுமுங்க."

சிஸ்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. காபி சிந்தியது. நான் துடைத்தேன். நான்தான் டம்ளரைப் பிடித்திருந்தேன். நான்தான் குடிக்க வைத்தேன். எல்லாம் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இன்னொரு நாள் அந்தச் சொல்லின் பிறப்பைச் சொன்னார். அது முதலில் 'லா' என்று தொடங்கவில்லையாம். அதற்கும் முன்னால் ஒரு 'ப' இருந்ததாம். லத்தீனில் அது இன்னும் இருக்கிறதாம். உள்ளங்கைக்கு அங்கே பல்மா.

"எங்க ஊட்டுக்கு வர்றதுக்குள்ள அந்த ப உதுந்துபோச்சுங்க. ஒரு சொல்லுல மட்டும் இல்ல. அப்பாவுக்கு லத்தீன்ல பாத்தெர். எங்களுக்கு அதிர். அங்கயும் ப இல்ல."

"எழுத்து எப்படி சிஸ்டர் உதிரும்?"

"பேசிப் பேசி. மொதல்ல உதடு ஒட்டாம வெறும் ஊதற சத்தமாச்சு. அப்பறம் அதும் இல்ல."

"அத யாரு பாத்தா?"

"யாரும் பாக்கலீங்க. எழுதியும் வெக்கல. இந்தப் பாஷைச் சொல்லையும் அந்தப் பாஷைச் சொல்லையும் பக்கத்துல வெச்சுப் பாத்துக் கண்டுபுடிச்சது."

அது எனக்குப் புரிந்தது. இரண்டு பனியனைப் பக்கத்தில் வைத்தால், ஒரே சாயத் தொட்டியில் ஊறியதா இல்லையா என்று தெரியும். தொட்டியை நாங்கள் பார்த்ததில்லை.

பனை மரத்துக்கும் லத்தீனில் அதே பேர்தான் என்றார். ஓலை விரித்த கை மாதிரி இருப்பதால் வைத்த பேர். நான் வளர்ந்தது முழுக்க பனைக்கு அடியில். ஓலையைக் கையாக நான் நினைத்தது இல்லை. வெட்டினால் காசு, வெட்டாவிட்டால் காய்ந்து தொங்கும் காவோலை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து என் கையை விரித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த வடக்கத்திப் பெண் ஏதோ ஜோசியம் என்று நினைத்துத் தன் கையை நீட்டினாள். நல்லா இருப்பே என்று சொல்லிவிட்டேன்.

மாதம் போனது. கை மட்டும் அப்படியே இருந்தது.

வைத்தியப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ தம்பி வருவார். வாரம் இரண்டு தடவை, பைக்கில். விரலை நீட்டி மடக்கிவிட்டுப் போவார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டார். நான் ஊட்டிக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்கக்கா, தெனமும் நீங்கதான் ஊட்டறீங்களா?"

"ஆமா."

"தல சீவறது?"

"நான்தான்."

"பொத்தான் போடறது, கதவு தொறக்கறது, ஜெபமாலை உருட்டறது?"

"மாலை அவங்களே உருட்டுவாவ. இடது கையில."

"அப்பறம் அந்தக் கை எதுக்குங்க முழிக்கும்? நல்லா லீவு குடுத்துத் தூங்க வெச்சிருக்கறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. நோயாளிக்கு ஊட்டுவது குற்றமா? அவர் விடவில்லை. நான் மட்டும் இல்லை, எல்லாரும் அப்படித்தான் என்றார். உண்மைதான். சிஸ்டர் இடது கையை நீட்டினால் யாருக்கும் பொறுக்காது. அவர் யாருக்காவது மிட்டாய் கொடுக்க இடது கையை எடுப்பதற்குள் விடுதிப் பெண்கள் தாங்களே டப்பாவில் எடுத்துக்கொள்வார்கள். பெரியவர் பீச்சாங்கையால் கொடுத்தார் என்று அவருக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாது. சிஸ்டரும் அப்படித்தான் ஆகிவிட்டார். ஐம்பது வருசம் இங்கே சோறு தின்றவர். இடது கையில் கரண்டி கொடுத்தால் கீழே வைத்துவிடுவார். மரியாதை, மரியாதை என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஒரு வேலையும் இல்லாமல் செய்திருந்தோம்.

பிசியோ பையிலிருந்து ஒரு தடித்த உறையை எடுத்தார். இடது கையை இதில் போட்டுக் கட்டி வைத்தால், வேறு வழியில்லாமல் வலது கை வேலை செய்யப் பார்க்குமாம்.

சமையல் அக்கா சொன்னாள். "அத எதுக்குங்க கட்டறீங்க? அவங்க சாகற பசியா இருந்தாலும் பீச்சாங்கையில சோறு தொடமாட்டாங்க. இவளக் கட்டுங்க. போதும்."

என்னைத்தான் சொன்னாள்.

பிசியோ சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

"அக்கா சொல்றது சரிதானுங்க," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எங்க பாஷைல ஒருத்தன் 'கையில இருக்கான்'னா செறையில இருக்கான்னு அர்த்தமுங்க" என்றார்.

குத்திச் சொல்லவில்லை. அவர் வழக்கம் அது, ஞாபகம் வந்ததைச் சொல்வார். ஆனால் நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் மதியம் அரிசிம்பருப்புச் சோறு. தட்டை அவர் முன்னால் வைத்தேன். வலது கையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். அவ்வளவுதான்.

"ஊட்டலீங்களா?"

"ஊட்டமாட்டேன் சிஸ்டர். ஏசுனாலும் ஏசுங்க."

"நீங்க பொல்லாதவங்க."

"ஆமா."

கை நகரவில்லை. சோறு ஆறியது. அக்கா சமையல்கட்டிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். என்னைக் கட்டச் சொன்னவளுக்கே தாங்கவில்லை. கையில் ஒரு உருண்டையோடு வந்துவிட்டாள்.

"பாவமுங்க. ஒரே ஒரு வாய். சாமி கண்ணக் குத்தீரும்."

நான் குறுக்கே நின்றேன். அக்கா அழுதாள். சிஸ்டர், "ரெண்டு பேரும் வெளிய போங்க சாமி, நானும் சோறும் பேசிக்கறோம்" என்றார்.

சாயங்காலம் பால் கொடுத்தோம். குழல் வைத்து அவரே உறிஞ்சிக்கொண்டார். அதற்கு அடுத்த நாளும் மதியம் அப்படியே. அதற்கு அடுத்த நாள் அக்கா சோற்றை எலுமிச்சை அளவுக்கு உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தாள். ஒன்றை விரலில் தட்டுகிற மாதிரி வைத்தாள். சிஸ்டர் தோளை முன்னால் தள்ளினார். கை இழுபட்டது. உருண்டை நகர்ந்தது. தட்டை விட்டு மேஜைக்கு வந்து, மேஜையை விட்டு மடியில் விழுந்தது.

நான் எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அவர் மடியைப் பார்த்தார். கட்டை விரல் அசைந்தது. அது மட்டும். உருண்டையை அழுத்தியது. சோறு விரல் இடுக்கில் பிதுங்கியது. கையைத் தூக்கினார், முகம் சிவந்தது. வாய்க்குப் போகவில்லை, தாடையில் அப்பியது. நாக்கை நீட்டி அதில் நாலு பருக்கையை எடுத்துக்கொண்டார்.

"உப்பு பத்தலீங்க," என்றார்.

அக்கா சமையல்கட்டுக்கு ஓடினாள். உப்பு எடுக்கத்தான் ஓடினாள் என்று நினைக்கிறேன். வர நேரமானது.

அதன் பிறகு ஒவ்வொன்றாய் விட்டேன். கதவை அவர் தள்ளட்டும். சீப்பை அவர் பிடிக்கட்டும். பக்கத்துக் கம்பெனியில் வெட்டுத் துணி கேட்டு வாங்கி வந்து, பந்து மாதிரி சுற்றிப் பிசையக் கொடுத்தேன். பிசிறு உருவக் கொடுத்தேன். செக்கிங்கில் இருந்தால் திட்டுவேன், அத்தனை மெதுவு. விடுதிப் பெண்களிடமும் சொன்னேன். மிட்டாய் வேண்டுமென்றால் சிஸ்டர் வலது கையால் கொடுக்கிற வரை நில்லுங்கள் என்றேன். நின்றார்கள். கம்பெனி வண்டி வாசலில் ஹாரன் அடிக்கும். அப்படியும் நின்றார்கள்.

காலையில் எண்ணெய் தேய்க்கும்போது இப்போது நானும் கூடச் சொல்வேன். தீ லாவ் மட்டும் நான் சரியாகச் சொல்வதாகச் சொன்னார். அவர் ஊரில் ஒருவருக்கு ஒரு கைதான் என்றால் ஒற்றைக் கை என்று சொல்வது இல்லையாம். பாதிக் கை என்பார்களாம். கண்ணுக்கும் அப்படித்தானாம். ஜோடியாய் வருவது எதுவும் இரண்டும் சேர்ந்தால்தான் ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால் பாதி.

"எங்க கம்பெனியில ஆஃப் ஹேண்டுன்னா சின்னக் கை வச்ச பனியன்," என்றேன்.

"அப்ப நான் இப்ப ஆஃப் ஹேண்டுங்க," என்றார். "ஃபுல் ஹேண்டு ஆகோணும்."

வாக்கரில் வலது கைப்பிடிதான் சிக்கல். மெல்லியது. விரல் முழுக்க மடங்காததால் வழுக்கியது. காலர் போடுகிற ரிப் துணி தடிப்பாக இருக்கும், இழுத்தால் இழுபடும், பிடித்தால் நழுவாது. அதை நீள நாடாவாக வெட்டிக் கைப்பிடியில் இறுக்கிச் சுற்றித் தைத்துவிட்டேன். பிசியோ அழுத்திப் பார்த்து, "இது நல்லாருக்குதேங்க" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அன்றைக்குப் போனது.

மழை தொடங்கியது. மதர் வந்தார்.

மத்தியானம். அறையில் மதர், நான், வாசலில் அக்கா. மதர் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அவசரம் இல்லை சிஸ்டர். முடியவில்லை என்றாலும் வருத்தப்பட வேண்டாம். அங்கேயும் நம் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்."

"சரிங்க மதர். கொஞ்சம் வழி உடுங்க."

எழுந்தார். இடது கை முதலில் பிடித்தது. வலது கை காற்றில் கொஞ்சம் தேடியது. பிறகு துணி சுற்றிய இடத்தில் இறங்கியது. கட்டை விரல் ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம். நடந்தார். வாக்கர் ஒரு அடி, அவர் ஒரு அடி. அறையைத் தாண்டினார். தாழ்வாரத்தில் மழைச் சாரல் அடித்துத் தரை ஈரமாக இருந்தது. துடைத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை.

குளியலறைக்கு நாலைந்து அடி முன்னால் வலது கை நழுவியது.

உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. என் கால் தானாக எழுந்தது. மதரும் எழுந்துவிட்டார். சிஸ்டர் திரும்பாமல், "யாரும் வராதீங்க" என்றார்.

நின்றேன். என் வாழ்க்கையில் புருஷன் செத்த அன்றுகூட நான் அப்படி நிற்கவில்லை. அன்று செய்ய வேலை இருந்தது.

சிஸ்டர் இடது கையில் பாரம் போட்டு நின்றார். இடது கையால் வலது கையைத் தூக்கி வைத்திருக்கலாம். ஆனால் இடது கையை எடுத்தால் விழுவார். ஆகவே காத்திருந்தார். தொங்கிய கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோள் ஏறியது. கை வாக்கரின் கம்பியில் இடித்தது. கம்பியைத் தொட்டபடியே கொஞ்சம் கொஞ்சமாய் மேலே ஊர்ந்தது. சுவரில் பல்லி ஏறுகிற மாதிரி. கைப்பிடிக்கு வந்தது. விரல்கள் மூடின.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் ஒரு குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அக்கா கும்பிட்டாள். அவள் முருகனையா மாதாவையா கும்பிட்டாள் என்று தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் சிஸ்டருக்கு மூச்சு வாங்கியது. மதர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "கிறிஸ்மஸ் வரைக்கும் இங்கேயே இருங்கள். அப்புறம் பார்ப்போம்" என்றார்.

கார் போகிற வரை சிஸ்டர் சாந்தமாக இருந்தார். போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"எந்த வருசத்துக் கிறிஸ்மஸுன்னு மதர் சொல்லலீங்களே?"

"சொல்லல."

"நம்மளும் கேக்க வேண்டாமுங்க."

மறுநாள் பிசியோ வந்தார். நடந்ததை அக்கா அவரிடம் வாசலிலேயே முழுக்கச் சொல்லிவிட்டாள். நல்லதுங்க, நல்லதுங்க என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், பையிலிருந்து ஒரு காலர் பனியனை எடுத்து மேஜையில் விரித்தார். கழுத்தடியில் மூன்று பொத்தான்.

"இனி இதுங்க சிஸ்டர்."

"பொறுங்க கண்ணு. நேத்துத்தானுங்க ஒரு மலை ஏறி எறங்குனேன்."

"பொத்தான் சின்ன மலைதானுங்க."

சிஸ்டர் அவரைத் திட்டினார். கோயமுத்தூர்த் தமிழில், ஒவ்வொரு வசவுக்கும் ஒரு ங்க போட்டு. பிறகு பனியனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வலது கையால்தான் இழுத்தார். பொத்தான் ஓட்டைக்குள் பாதி போய் வெளியே வந்தது. மறுபடி பாதி போய் வெளியே வந்தது.

நான் நாற்காலியில் என் கைகள் மேல் உட்கார்ந்துகொண்டேன்.